சர்வர் லாக் படிக்க எந்தக் கருவி? கிரெப் முதல் லோக்கி வரை

சர்வர் லாக்கை, அதாவது சர்வர் தன்னில் நடப்பதை வரி வரியாக எழுதிவைக்கும் பதிவை, படிக்கவும் வடிகட்டவும் எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், எத்தனை சர்வர், லாக் எந்த வடிவில் இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்காமலேயே பதில் வந்துவிடும். பழைய ஆட்கள், சொல் பொருந்தும் வரிகளை எடுத்துக் கொடுக்கும் கிரெப் கட்டளை போதும் என்பார்கள். புதியவர்கள் எலாஸ்டிக்சர்ச்சோடு அதன் திரையான கிபானாவையோ, லோக்கியையோ (இரண்டும் பல சர்வர்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்த்துத் தேடுபவை) நிறுவச் சொல்வார்கள். லாக் பெரிதாகிவிட்டால் கருவியும் பெரிதாக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இரு தரப்புக்கும் பொது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேகமான டிஸ்க் இருந்தால் பல ஜிபி கோப்பைக்கூட கிரெப் நொடிகளில் அலசி முடித்துவிடும். முடிவை மாற்றுபவை வேறு இரண்டு. லாக் எந்தக் கணினியில் கிடக்கிறது, அங்கே எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது ஒன்று. நீங்கள் அதனிடம் என்ன மாதிரிக் கேள்வி கேட்கிறீர்கள் என்பது மற்றொன்று.

கேள்விகளில் எனக்குத் தெரிந்து மூன்று ரகம் உண்டு. இப்போது என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பின்தொடர்வது முதல் ரகம். நேற்று இரவு 2.10க்கு என்ன நடந்தது என்று தோண்டுவது இரண்டாவது. இந்த வாரம் எந்தப் பக்கம் அதிகமாக 500 பிழை (சர்வரின் உள்பிழைக் குறியீடு) கொடுத்தது என்று எண்ணுவது மூன்றாவது. மூன்றையும் செய்வதாகச் சொல்லும் கருவி ஏதாவது ஒன்றில் நொண்டும். எதில் நொண்டுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கையில் இருப்பவை

எந்த லினக்ஸ் சர்வரில் நுழைந்தாலும் கோப்பைப் படிக்க லெஸ், கடைசி வரிகளைக் காட்ட டெயில், தேட கிரெப், வரியைப் புலங்களாகப் பிரிக்க ஆக் ஆகிய நான்கும் பெரும்பாலும் இருக்கும். இவற்றில் லெஸ்ஸைப் பலர் வெறுமனே பக்கம் புரட்டும் கருவியாகத்தான் நினைக்கிறார்கள். அதற்குள் இருக்கும் இரண்டு வசதிகள் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். கோப்பைத் திறந்தபின் ‘&’ அழுத்தி ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் வரிகளை மட்டும் காட்டும்; ‘&’ உடன் ஆச்சரியக்குறியும் சேர்த்தால் அந்தச் சொல் இல்லாத வரிகளைக் காட்டும். பெரிய எஃப் அழுத்தினால் டெயில் போலப் புதிய வரிகளைப் பின்தொடரும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நின்று மேலே போய்த் தேட விடும். மறுபடி பெரிய எஃப், மறுபடி ஓட்டம். பின்தொடர்வதற்கும் தோண்டுவதற்கும் நடுவே இப்படி மாறி மாறிப் போக டெயிலில் முடியாது.

கேட் கட்டளையால் லாக்கைத் திரையில் கொட்டுவதை நான் தவிர்க்கிறேன். லாக்கில் வெளி ஆட்கள் அனுப்பிய எழுத்துகள் கலந்திருக்கும். டெர்மினலை (கட்டளை தட்டும் திரை) கட்டுப்படுத்தும் எஸ்கேப் குறிகளை வேண்டுமென்றே அனுப்பி வைப்பவர்களும் உண்டு. கேட் அவற்றை அப்படியே டெர்மினலுக்குக் கடத்திவிடும். லெஸ் இயல்பாக அவற்றைச் செயல்பட விடாமல் குறிகளாகக் காட்டும்.

டெயிலில் சிறிய எஃப்பும் பெரிய எஃப்பும் வேறு வேறு. சிறியது திறந்திருக்கும் கோப்பைப் பின்தொடரும்; பெரியது கோப்பின் பெயரைப் பின்தொடரும். நள்ளிரவில், லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் நிரல் பழைய கோப்பின் பெயரை மாற்றிப் புதிதாக ஒன்றை உருவாக்கும்போது, சிறிய எஃப் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திரை அமைதியாக இருப்பதைப் பார்த்து, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். லாக் பார்க்க எப்போதும் பெரிய எஃப்தான்.

டெயிலின் வெளியீட்டைக் கிரெப்புக்கு அனுப்பி, அதிலிருந்து இன்னொரு கிரெப்புக்கு அனுப்பும்போது வேறொரு அமைதி வரும். கிரெப்பின் வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குள் (அடுத்த கட்டளைக்குக் கடத்தும் குழாய்) போனால், அது வரிகளை உடனுக்குடன் விடாமல் ஒரு தொகுதி சேரும்வரை வைத்திருக்கும். குறைவாக வரும் பிழை வரிகள் திரைக்கு வர வெகுநேரம் ஆகலாம். முதல் கிரெப்புக்கு லைன்-பஃபர்ட் ஆப்ஷன் கொடுத்தால் சரியாகிவிடும்.

கிரெப்பின் பலம், அது லாக்கைப் பற்றி எதையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்வதில்லை என்பது. எந்த வடிவமானாலும் எழுத்து பொருந்தினால் வரியைக் கொடுக்கும். பலவீனமும் அதுவேதான்: அதற்கு வரி மட்டும்தான் தெரியும். ஜாவா நிரல் ஒன்று கக்கும் ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எந்த வழியாக வந்தது என்ற பட்டியல்) 40 வரி நீளமாக இருந்தால், பொருந்திய ஒற்றை வரி மட்டும் கிடைக்கும். பின்னால் இத்தனை வரி, முன்னால் இத்தனை வரி என்று கேட்கலாம். ஆனால் எத்தனை வரி என்று ஊகித்துத்தான் கேட்க வேண்டும். நேரமும் அதற்கு வெறும் எழுத்துதான். 2.10இலிருந்து 2.25வரை என்று கேட்க ரெஜெக்ஸை (எழுத்து வடிவத்தைச் சொல்லும் தேடல் குறிமுறை) வளைக்க வேண்டும். லினக்ஸ் வழக்கமாக லாக் எழுதும் சிஸ்லாக்கின் பழைய வடிவத்தில் தேதியோடு ஆண்டே இருக்காது. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறை ஆவணங்கள்) அந்தப் பழக்கத்தை அப்படியே விவரிக்கிறது. ஆண்டையும் நேர மண்டலத்தையும் எழுத இடம் தரும் ஆர்எஃப்சி 5424 வந்தது 2009இல். பழைய வடிவத்தில் எழுதும் சர்வர்கள் இன்னும் ஏராளம்.

சில சமயம் கிரெப் ‘பைனரி கோப்பு பொருந்துகிறது’ என்று ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரன்கேட் முறையை (கோப்பை நகலெடுத்துவிட்டு அசலை வெட்டிக் காலியாக்குவது) போட்டிருந்து, நிரல் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கோப்பின் கடைசியில் எழுதுவது) திறக்காமல் இருந்தால் இது நடக்கும். கோப்பு பூஜ்யமாக வெட்டப்பட்ட பிறகும் நிரல் பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். முன்பகுதி முழுக்க ‘நல்’ எனும் பூஜ்ய மதிப்பு எழுத்துகளாக நிரம்பிவிடும். கிரெப்புக்குச் சிறிய ஏ ஆப்ஷன் கொடுத்து உரையாகவே நடத்தச் சொன்னால் படித்துவிடலாம். ஆனால் காப்பிட்ரன்கேட் என்பதே, நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவே வரும் சில வரிகளைத் தின்றுவிடக்கூடிய முறை. கோப்பை மறுபடி திறக்கச் சொல்லும் சிக்னலை ஏற்கும் நிரல் என்றால் காப்பிட்ரன்கேட் தேவையே இல்லை.

ரிப்கிரெப்புக்கு மாறலாமா?

ஆண்ட்ரூ கேலன்ட் 2016இல் வெளியிட்ட ரிப்கிரெப், பல கோப்புகளை ஒரே நேரத்தில் பல இழைகளில் தேடும். அடைவு முழுக்கத் தேடும்போது வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். நிரல் எழுதும் கணினியில் நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். லாக்குக்கு என்று வரும்போது தயக்கம் வருகிறது. அது கிட் களஞ்சியத்துக்குள் (நிரலின் பதிப்புகளை வைக்கும் அடைவு) ஓடும்போது, புறக்கணிக்கச் சொன்ன கோப்புகளைத் தானாகத் தாண்டிப் போகும். லாக் கோப்புகளைப் புறக்கணிப்புப் பட்டியலில் போடாத திட்டம் அரிது. எனவே திட்ட அடைவுக்குள் நின்று தேடினால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் வரும். தேடவேயில்லை என்பது நமக்குத் தெரியாது. சிறிய யூ ஆப்ஷன் கொடுத்தால் தேடும். இன்னொன்று, பல இழைகளில் தேடுவதால் கோப்புகளின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறி வரும். கால வரிசையில் படிக்க வேண்டிய லாக்கில் இது எரிச்சல். வரிசைப்படுத்தச் சொல்லலாம், சொன்னால் ஒரே இழையில் ஓடும், வாங்கிய வேகத்தில் பெரும்பகுதி போய்விடும்.

சுருக்கப்பட்ட பழைய கோப்புகளுக்கு இசட்கிரெப் போதும். ஜிஸிப் கோப்பின் நடுவிலிருந்து தேடத் தொடங்க முடியாது என்பதால் ஒவ்வொரு தேடலுக்கும் முழுக் கோப்பும் விரிக்கப்படும். ஒரே கோப்பில் திரும்பத் திரும்பத் தேடப் போகிறீர்கள் என்றால் ஒருமுறை விரித்து வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணுவதற்கு ஆக்

1977இல் பெல் லேப்ஸில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ஆக், மூன்றாவது ரகக் கேள்விக்கு இன்றும் முதல் கருவி. எஞ்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஆகிய வெப் சர்வர்கள் இரண்டிலும் வழக்கமாக வைத்திருக்கும் கம்பைண்ட் வடிவத்தில், இடைவெளி வைத்துப் பிரித்தால் 1ஆம் புலம் ஐபி முகவரி, 7ஆம் புலம் கேட்ட பாதை, 9ஆம் புலம் நிலைக் குறியீடு. ஆக் எடுத்துக் கொடுக்க, வரிசைப்படுத்தும் சார்ட், ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யுனிக், மறுபடி சார்ட் என்று கோத்தால், எந்தப் பாதை எத்தனை முறை 500 கொடுத்தது என்ற பட்டியல் ஒரே வரிக் கட்டளையில் வந்துவிடும்.

ஆனால் இந்தப் புல எண்களை அப்படியே நம்பக்கூடாது. முழுமையான கோரிக்கை எதையும் அனுப்பாமல் இணைப்பு மட்டும் போட்டுவிட்டுப் போகும் ஸ்கேனர்களால் 400, 408 பிழைக் குறியீடுள்ள வரிகள் வரும். அவற்றில் கோரிக்கைப் பகுதி காலி என்பதால் நிலைக் குறியீடு 7ஆம் புலத்துக்கு நகர்ந்துவிடும். கணக்கு தப்பும், பிழைச் செய்தி எதுவும் வராது. இடைவெளிக்குப் பதிலாக இரட்டை மேற்கோளைப் பிரிப்பானாகக் கொடுத்தால் 2ஆம் பகுதி முழுக் கோரிக்கை, 3ஆம் பகுதி நிலைக் குறியீடும் பைட் அளவும், 6ஆம் பகுதி பிரௌசர் விவரம் என்று நகராமல் நிற்கும். நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாத ஒரு வித்தியாசமும் இங்கே இருக்கிறது. அப்பாச்சி வழக்கமாக எழுதும் நேரம், கோரிக்கை வந்து சேர்ந்த நேரம். எஞ்ஜின்எக்ஸ் எழுதுவது கோரிக்கை முடிந்து லாக் எழுதப்படும் நேரம். 30 விநாடி இழுத்த கோரிக்கை ஒன்று இரண்டிலும் 30 விநாடி தள்ளித் தெரியும். இரண்டு லாக்கையும் பக்கத்தில் வைத்து எது முதலில் நடந்தது என்று பேசுமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜேசன் லாக் என்றால்

நிரல்கள் வரிக்கு ஒரு ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) பொருளாக லாக் எழுதினால் ஆக்கின் வேலை ஜேசன் படிக்கும் ஜேக்யூவுக்குப் போய்விடும். புலத்துக்குப் பெயர் இருப்பதால் நகர்ந்துவிடும் தொல்லை இல்லை. பதிலாக வேறு தொல்லைகள். நடுவில் ஜேசன் அல்லாத ஒரு வரி வந்தால் ஜேக்யூ அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிரல் தொடங்கும்போது அச்சிடும் வரவேற்பு வரி ஒன்றே போதும். வரியை முதலில் வெறும் உரையாகப் படித்து, ஜேசனாக மாறினால் மட்டும் எடுத்துக்கொள் என்று எழுத வேண்டும். 2023இல் வந்த 1.7க்கு முந்தைய பதிப்புகள் மிகப் பெரிய முழு எண்களின் கடைசி இலக்கங்களை மாற்றிவிடும். 19 இலக்க அடையாள எண்ணை ஜேக்யூ வழியாக எடுத்து, அதைத் தரவுத்தளத்தில் தேடி, அப்படி ஒரு பதிவே இல்லை என்ற முடிவுக்கு வருவது எளிது. பழைய விநியோகங்களில் இன்னும் 1.6 இருக்கக்கூடும், பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் ஜேக்யூ கிரெப்புக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே கிரெப்பால் முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை ஜேக்யூவிடம் கொடுப்பதுதான் வழக்கம். எண்ணிக்கைக் கேள்விகள் அதிகம் என்றால் டக்டிபியைப் பாருங்கள். ஜேசன் கோப்புகளை நேரடியாக அட்டவணை போல நடத்தி எஸ்கியூஎல் (தரவுத்தள வினவல் மொழி) கேட்க விடும். சர்வர் எதுவும் நிறுவத் தேவையில்லை.

ஜர்னலும் கன்டெய்னரும்

சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள சர்வரில், ஜர்னல் எனும் அதன் லாக்கைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை கிரெப்பால் முடியாததைச் செய்கிறது: அதற்கு நேரம் புரியும். ‘10 நிமிடத்துக்கு முன்பிலிருந்து’ என்று சொன்னால் புரிந்துகொள்ளும். சர்வீஸ் வாரியாக, பூட் வாரியாகப் பிரிக்கும். தோண்டுவதற்கு நல்ல கருவி. மூன்று இடங்களில் ஏமாற்றும். முன்னுரிமை வைத்து ‘பிழைகளை மட்டும் காட்டு’ என்று கேட்டால், உங்கள் நிரல் சாதாரண வெளியீட்டில் அச்சிடும் பிழைகள் வராது. ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைகளுக்கான தனி வெளியீடு) எழுதினாலும்கூட, வேறு எதுவும் சொல்லாதவரை சிஸ்டம்டி அதைத் தகவல் மட்டத்தில்தான் சேர்க்கும். அடுத்து, ஒரு சர்வீஸ் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறி எழுதினால் மிச்சத்தைக் கைவிட்டுவிடும். இயல்பான வரம்பு 30 விநாடிக்கு 10,000 செய்தி. எல்லாம் எரியும் நேரத்தில்தான் லாக் குவியும், அப்போதுதான் இது நடக்கும். மூன்றாவது, டிஸ்க்கில் ஜர்னலுக்கான அடைவே இல்லாமல் இயல்பான அமைப்பில் விட்டிருந்தால் எல்லாம் மெமரியில் மட்டும் இருக்கும், மறுதொடக்கத்தோடு போய்விடும்.

நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் சிக்கல் வேறு மாதிரி. டாக்கர் லாக்ஸ் கட்டளையின் வெளியீட்டைக் கிரெப்புக்கு அனுப்பினால், கன்டெய்னர் ஸ்டாண்டர்ட் எரரில் எழுதியவை கிரெப்பைத் தாண்டி நேராகத் திரைக்கு வரும். கிரெப் வேலை செய்யவில்லை என்று தோன்றும். இரண்டு வெளியீட்டையும் ஒன்றாக்கி அனுப்பினால் சரி. டாக்கரின் இயல்பான ஜேசன்-ஃபைல் டிரைவர் தானாகச் சுழற்சி செய்யாது. அளவு வரம்பு சொல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பும்வரை எழுதும். பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் நேர் எதிர்: ஒவ்வொரு கணினியிலும் ஓடும் அதன் ஏஜென்டான கியூப்லெட் இயல்பாக 10 எம்ஐபி ஆனதும் கோப்பைச் சுழற்றி, கன்டெய்னருக்கு 5 கோப்பு மட்டும் வைத்திருக்கும். கியூப்சிடிஎல் லாக்ஸ் கட்டளை காட்டுவது அவற்றில் கடைசிக் கோப்பை மட்டும்தான். பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) அழிந்தால் அதுவும் இல்லை. கிரெப்பா லோக்கியா என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் தீர்மானமாகிறது. லாக் தன் கணினியில் ஒரு நாள்கூடத் தங்காது என்றால், எவ்வளவு நல்ல கிரெப்பும் பயனில்லை.

நடுவில் நிற்கும் எல்நாவ்

டெர்மினல் கருவிகளுக்கும் பெரிய அமைப்புகளுக்கும் நடுவே, பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் கருவி எல்நாவ். பல கோப்புகளைக் கொடுத்தால் ஒவ்வொன்றின் வடிவத்தையும் தானே அடையாளம் கண்டு, நேர வரிசையில் ஒன்றாகக் கோத்துக் காட்டும். எஞ்ஜின்எக்ஸ் லாக், நிரலின் லாக், சிஸ்லாக் மூன்றையும் சேர்த்துத் திறந்து 2.10க்குப் போனால் மூன்றிலும் அந்த நேரத்தில் நடந்தது அடுத்தடுத்துத் தெரியும். இரண்டாவது ரகக் கேள்விக்கு இதைவிட வசதியான இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்டாக் ட்ரேஸை ஒரே செய்தியாக நடத்தும். கிரெப்பில் பார்த்த ஒற்றை வரித் தொல்லை இங்கே கிடையாது. சிறிய ஈ அழுத்தினால் அடுத்த பிழைக்குத் தாவும். சிறிய ஐ அழுத்தினால் நேர வாரியாக எத்தனை செய்தி, அதில் எத்தனை பிழை என்ற பட்டை வரைபடம். அரைப்புள்ளி அழுத்தி எஸ்கியூஎல் கேட்கலாம். உள்ளே இருப்பது எஸ்கியூலைட். சுருக்கிய கோப்புகளையும் திறக்கும்.

குறை என்ன? திறந்ததும் கோப்பை முழுக்க அட்டவணைப்படுத்தும், அதனால் பெரிய கோப்புகளில் கொஞ்ச நேரமும் மெமரியும் கேட்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் சர்வரில் இதை ஓட்டாமல், லாக்கை உங்கள் கணினிக்கு எடுத்துவந்து திறப்பது நல்லது. உங்கள் நிரலின் லாக் வடிவம் விசித்திரமானது என்றால் ஒரு ஜேசன் கோப்பில் ரெஜெக்ஸ் எழுதிச் சொல்லித்தர வேண்டும். கொஞ்சம் உட்கார வேண்டிய வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் குழு முழுவதற்கும் உதவும்.

கோஆக்சஸ் வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்குக்கு மட்டுமானது. எந்தப் பக்கம், எந்த நாடு, எந்த நிலைக் குறியீடு என்ற தொகுப்பை டெர்மினலிலோ ஹெச்டிஎம்எல் அறிக்கையாகவோ கொடுக்கும். மேலாளர் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் அது போதும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது

சர்வர்கள் கூடும்போது ஒவ்வொன்றாக எஸ்எஸ்ஹெச் போட்டு நுழைவது கட்டுப்படியாகாது. இந்தக் கட்டத்தில் உடனே பெரிய தேடல் அமைப்பைப் பற்றிப் பேச்சு தொடங்கும். அதற்கு முன் ஒரு படி இருக்கிறது: லாக்கை அனுப்பும் ஆர்சிஸ்லாக் நிரலை வைத்து எல்லா லாக்கையும் ஒரே சர்வருக்கு அனுப்பி, கணினியின் பெயரில் அடைவும் நாளின் பெயரில் கோப்புமாகச் சேர்த்துவைப்பது. சேர்ந்த இடத்தில் அதே கிரெப், அதே எல்நாவ். வந்து சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபி நெறிமுறையில் அனுப்பினால் சுமை நேரத்தில் பொட்டலங்கள் தொலையும். டிசிபியோ ரெல்ப்போ வைத்து, சேரும் சர்வர் விழுந்தால் டிஸ்க்கில் வரிசை வைத்துக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். அசையாமல் நிற்கும் பத்துப் பதினைந்து சர்வர் வரை, அவற்றைப் பார்ப்பவர்கள் டெர்மினலுக்குப் பழகியவர்கள் என்றால், இதைத் தாண்டிப் போக நான் சொல்லமாட்டேன். தேடுபவர்களில் டெர்மினல் தெரியாதவர்கள் சேர்ந்தாலோ கணினிகள் வந்து வந்து போனாலோ அடுத்த படிக்குப் போகலாம்.

அந்த அடுத்த படியில் போட்டி பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கு நடுவில். எலாஸ்டிக்சர்ச்சும், 2021 உரிம மாற்றத்துக்குப் பிறகு அதிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச்சும் லாக்கின் ஒவ்வொரு சொல்லையும் இண்டெக்ஸ் செய்கின்றன (எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியலிடுகின்றன). கிராஃபானா லேப்ஸ் 2018இல் அறிமுகப்படுத்திய லோக்கி, சர்வீஸ் பெயர், சூழல் போன்ற சில லேபிள்களை மட்டும் இண்டெக்ஸ் செய்து, உள்ளடக்கத்தைச் சுருக்கிக் கட்டுகளாக வைத்துவிடுகிறது. தேடும்போது லேபிள் மூலம் கட்டுகளைக் குறைத்து, மிச்சத்தை வரி வரியாக அலசுகிறது. சொல்லப்போனால் பல கணினிகளில் ஓடும் கிரெப்தான் அது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லாம் வருகிறது. எலாஸ்டிக்சர்ச்சுக்கு மெமரியும் டிஸ்க்கும் நிறைய வேண்டும். லோக்கியை ஒற்றை நிரலாக, மலிவான ஆப்ஜெக்ட் சேமிப்பகத்தின் மேல் ஓட்டலாம். ஒரு பயனர் எண்ணை எல்லா சர்வீஸிலும், 90 நாளுக்குத் தேட வேண்டுமா? எலாஸ்டிக்சர்ச் உடனே சொல்லும். லோக்கி மலையைப் புரட்ட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கப் பயனர் எண்ணையே லேபிளாக்கினால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு லேபிள் சேர்க்கைக்கும் தனி ஓடை (லாக் வரிசை) உருவாகும். லட்சக்கணக்கான சிறு ஓடைகளில் லோக்கி மூழ்கிவிடும்.

எலாஸ்டிக்சர்ச் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் என்பதும் முழு உண்மையில்லை. அது இயல்பாகச் சொல் எல்லையில் பிரித்துத்தான் இண்டெக்ஸ் செய்கிறது. டைம்அவுட் என்று தேடினால், கனெக்ட்-டைம்அவுட்-எக்செப்ஷன் என்று இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதிய பெயருக்குள் இருக்கும் டைம்அவுட் கிடைக்காது. கிரெப்பும் லோக்கியும் எடுத்துக் கொடுத்துவிடும். இன்னொரு தொல்லை மேப்பிங், அதாவது எந்தப் புலம் எந்த வகை என்ற வரையறை. ஒரு சர்வீஸ் ‘யூசர்’ புலத்தில் வெறும் பெயரை அனுப்பி, இன்னொன்று அதே புலத்தில் ஒரு பொருளை அனுப்பினால், பின்னால் வருவது நிராகரிக்கப்படும். அனுப்பும் ஏஜென்டின் லாக்கைப் பார்த்தால்தான் அது தெரியவரும். ஒரு இண்டெக்ஸில் இயல்பாக 1000 புலங்களுக்கு மேல் போகவும் முடியாது; கண்ட ஜேசனையும் கொட்டும் குழுக்கள் அந்த வரம்பைத் தொடுவது அபூர்வமில்லை.

லோக்கிக்கும் சின்னச் சின்ன ஏமாற்றுகள் உண்டு. லோக்கியைப் பார்க்க உதவும் கிராஃபானா திரை இயல்பாக 1000 வரியோடு நிறுத்திக்கொள்ளும். அந்தத் திரையில் தெரிவதை வைத்து ‘ஆயிரம் பிழைதான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணுவதற்கான வினவலைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

பாதுகாப்புக் குழு மாதக்கணக்கில் பின்னோக்கித் தேட வேண்டுமென்றால் எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச். குபெர்நெட்டிஸும் கிராஃபானாவும் ஏற்கெனவே ஓடுகின்றன, பெரும்பாலும் பிழை தேடுவதுதான் வேலை என்றால் லோக்கி. இரண்டில் எதுவானாலும் அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, மூன்று சர்வரின் லாக்கைப் பார்க்க மூன்று சர்வர் எலாஸ்டிக்சர்ச் போட்ட இடங்கள் உண்டு.

ஸ்ப்ளங்க் போன்ற கட்டணச் சேவைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தேடல் மொழி நன்றாக இருக்கும், பராமரிப்புத் தலைவலி குறையும். பல சேவைகளில் உள்ளே அனுப்பும் அளவுக்குத்தான் பணம். பணம் கூடியதும் அனுப்புவதைக் குறைக்கச் சொல்வார்கள். வடிகட்டுதலின் பொருளே அங்கே மாறிவிடுகிறது. படிக்கும்போது வடிகட்டினால் திரும்பி வந்து வேறு மாதிரி வடிகட்டலாம். சேகரிக்கும்போது வடிகட்டினால் கழித்தது கழித்ததுதான். ஹெல்த் செக் (சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற தானியங்கிச் சோதனை) வரிகளைக் கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 200 (வெற்றி) குறியீடு உள்ளவற்றை எல்லாம் கழிப்பது வேறு. ஊடுருவியவரின் வெற்றி பெற்ற கோரிக்கைகளுக்கும் 200தான் வரும்.

கருவிக்கு முன் லாக்

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது எல்லோரும் ஆக்சஸ் லாக்கில் ‘ஜேஎன்டிஐ’ என்ற ஒரே சொல்லைத் தேடினார்கள். தாக்கியவர்களோ அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து, லாக்4ஜே தானே சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பினார்கள். நேரடித் தேடலில் அது சிக்கவில்லை. அதைவிட முக்கியம், ஆக்சஸ் லாக்கில் கோரிக்கையின் உடலோ பெரும்பாலான ஹெட்டர்களோ எழுதப்படுவதே இல்லை. எழுதப்படாததை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது.

ஆகவே கருவி மாற்றும் யோசனை இருந்தால் முதலில் லாக் வடிவத்தைத் தொடுங்கள். எஞ்ஜின்எக்ஸின் இயல்பான வடிவத்தில் கோரிக்கை எடுத்த நேரம் இருக்காது, சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள சர்வர் எடுத்த நேரத்தையும் தனியாகச் சேர்த்தால், மெதுவாக இருப்பது நிரலா இணைப்பா என்று ஆக்கே சொல்லிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எஞ்ஜின்எக்ஸ் உருவாக்கும் கோரிக்கை எண்ணை லாக்கில் எழுதி, ஹெட்டரில் வைத்து நிரலுக்கும் அனுப்பி, நிரலின் லாக்கிலும் அதையே எழுத வைத்தால், பல கணினிகளில் சிதறிய வரிகளை ஒரே கிரெப்பில் சேர்த்துவிடலாம். எல்லாக் கணினியிலும் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்), ஆண்டோடு எழுதுங்கள். கடவுச்சொல், டோக்கன் எதுவும் முகவரி வரியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் சேர்த்த பிறகு லாக்கைப் படிக்க முடிந்தவர்களின் எண்ணிக்கை கூடிவிடும்.

புதிய வடிவத்தைப் பழைய கோப்பிலேயே எழுதத் தொடங்காமல், வேறு பெயரில் ஒரு கோப்புக்கு அனுப்பிக் கொஞ்ச நாள் இரண்டையும் ஓடவிடுங்கள். புல எண்ணை நம்பி யாரோ எப்போதோ எழுதிவைத்த ஆக் நிரல் ஒன்று க்ரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) ஓடிக்கொண்டிருக்கும்.